கால் மைல் தடத்தில் சனிக்கிழமை இரவு: போமன் கிரே ஸ்டாக் கார் பந்தயம் நிலைத்த விதம்

கேள்வி: அமெரிக்காவில் ஊர் அளவில் நடக்கும் ஸ்டாக் கார் பந்தயச் சங்கங்கள் எப்படித் தோன்றின? ஏதாவது ஒன்றின் வரலாற்றைச் சொல்ல முடியுமா? அங்கே ஓடும் வண்டியை எப்படித் தயார் செய்கிறார்கள்?

ஸ்டாக் கார் என்பது சாதாரணச் சாலைக் காரை அடிப்படையாக வைத்த பந்தயக் கார். ஒரே இடத்தைப் பிடித்துக்கொண்டு பேசினால்தான் இதற்கு உருப்படியாகப் பதில் சொல்ல முடியும். வட கரோலினாவின் வின்ஸ்டன்-சேலம் நகரில் இருக்கும் போமன் கிரே அரங்கத்தை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயத்தின் தாய் அமைப்பான நாஸ்காரின் வாராந்தரப் பந்தயம் நடக்கும் இடங்களில் இதுதான் மிகப் பழையது. 1949 மே 18 அன்று தொடங்கி இன்றும் நடக்கிறது.

ஒரு விஷயத்தை முதலில் தெளிவுபடுத்திவிடலாம். சங்கம் என்றால் நம் மனதில் தலைவர், செயலாளர், சந்தா, ஆண்டுப் பொதுக்குழு எல்லாம் வரும். மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அப்படி வளர்ந்ததுதான். சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் பந்தயம் நடத்தி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடத்துக்கு வந்தது. அமெரிக்க ஊர்ப் பந்தயம் பெரும்பாலும் அப்படி இல்லை. இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவர் ஒருவர். விதிகளும் உரிமமும் தருவது நாஸ்கார் போன்ற ஒரு தாய் அமைப்பு. உரிமக் கட்டணம் கட்டி, சொந்த வண்டியோடு வருகிறவர்கள் ஓட்டுநர்கள். சங்கத்துக்குரிய பிணைப்பு, பகை, பரம்பரை எல்லாம் இந்த மூவருக்கும் இடையில்தான் உருவாகின்றன.

போமன் கிரே பந்தயத்துக்காகக் கட்டிய இடமே அல்ல. வின்ஸ்டன்-சேலம் புகையிலை நகரம். ஆர். ஜே. ரெனால்ட்ஸ் புகையிலை நிறுவனத்தின் தலைவராக இருந்த போமன் கிரே 1935-இல் இறந்தார். அவர் நினைவாகக் குடும்பம் கொடுத்த நன்கொடையும், பொருளாதார மந்தக் காலத்தில் அரசு நடத்திய வேலைவாய்ப்புத் திட்டத்தின் பணமும் சேர்ந்து 1937-இல் எழுந்த நகராட்சி மைதானம் இது. நடுவில் அமெரிக்கக் கால்பந்து ஆடுகளம், அதைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம், இருபுறமும் சுமார் 17,000 பேர் அமரும் படிகள். பிறகு அந்த ஓட்டத் தடத்தில் தார் போட்டார்கள். மிட்ஜெட் எனப்படும் குட்டிப் பந்தயக் கார்களை அங்கே ஓட்டிப் பார்த்தார்கள். அது நிலைக்கவில்லை. தார் மட்டும் மிஞ்சியது.

இந்த இடத்தில்தான் பில் பிரான்ஸும் ஆல்வின் ஹாக்கின்ஸும் வருகிறார்கள். பில் பிரான்ஸ் 1947 டிசம்பரில் டேட்டோனா பீச்சின் ஸ்ட்ரீம்லைன் ஹோட்டலில் கூட்டம் போட்டு நாஸ்காருக்கு வித்திட்டவர். 1948 பிப்ரவரியில் அது முறைப்படி பதிவானது. ஹாக்கின்ஸ் நாஸ்காரின் முதல் கொடிக்காரர், அதாவது கொடியசைத்துப் பந்தயத்தைத் தொடங்கி முடிப்பவர். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் பந்தயம் நடத்தியவர்களில் சிலர் பந்தயம் முடிவதற்குள் வசூலை எடுத்துக்கொண்டு கம்பி நீட்டுவது சகஜம். அறிவித்த பரிசுப் பணம் கைக்கு வரும், விதி எல்லோருக்கும் ஒன்றாக இருக்கும் என்ற இரண்டு உறுதிமொழிகளை வைத்துத்தான் நாஸ்கார் ஓட்டுநர்களை இழுத்தது. போமன் கிரேயின் முதல் பந்தயத்தை வென்றவர் பான்ட்டி பிளாக்.

1949 மே மாதம் ஓடிய வண்டிகள் கடையில் வாங்கிய புதுக் கார்கள் அல்ல. போர் முடிந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. புதுக் காருக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருந்தது. அதைக் கொண்டுபோய்ச் சுவரில் மோத யாருக்கு மனசு வரும்? எனவே 1930-களின் கடைசியில் வந்த போர்டு கூப்பே கார்களை மலிவாக வாங்கி, மட்கார்டைக் கழற்றி, எஞ்சினைத் திருத்தி ஓட்டினார்கள். இவைதான் மாடிபைடு கார்கள். 1932-இல் 65 குதிரைத்திறனோடு வந்த போர்டின் பிளாட்ஹெட் வி8 எஞ்சின், 1930-களின் முடிவில் 85 தந்தது. கரோலினா மலைப்பகுதியில் திருட்டுச் சாராயம் கடத்தியவர்கள் இதே எஞ்சினைத்தான் மேலும் முறுக்கினார்கள். போலீஸிடம் பிடிபடாமல் ஓட்டும் திறமையும் அந்த எஞ்சின் அறிவும் நேரே பந்தயத்துக்குள் வந்தன.

அதே ஆண்டு ஜூன் 19-இல் சார்லட்டில் நாஸ்கார் நடத்திய முதல் ‘ஸ்ட்ரிக்ட்லி ஸ்டாக்’ (கடையில் வாங்கிய காரை மாற்றாமல் ஓட்டும்) பந்தயத்தில் நடந்ததைச் சொல்லாமல் நகர முடியாது. முதலில் வந்த கிளென் டன்அவே தகுதி நீக்கப்பட்டார். சாராயம் ஏற்றும்போது பின்பக்கம் தாழாமலும் வளைவில் ஆடாமலும் இருக்க, பின் ஸ்பிரிங்கில் கை வைத்திருந்தார்கள். வெற்றி ஜிம் ரோப்பருக்குப் போனது. வண்டியின் உரிமையாளர் வழக்குத் தொடுத்தார், தோற்றார். ஊர்ப் பந்தயங்கள் அத்தனைக்கும் இந்தத் தீர்ப்புதான் அடித்தளம் என்பேன். பந்தயம் முடிந்த பிறகு வண்டியைக் கழற்றிப் பார்த்து முடிவை மாற்றும் அதிகாரம் நடத்துபவருக்கு உண்டு என்பது அன்றைக்கு உறுதியானது.

1958-இல் நாஸ்காரின் உச்சப் பிரிவான கிராண்ட் நேஷனலும் போமன் கிரேக்கு வந்தது. மே 24-இல் நடந்த முதல் பந்தயத்தில் பாப் வெல்பார்ன் வென்றார். 1971 வரை மொத்தம் 29 பந்தயங்கள். ரெக்ஸ் ஒயிட் ஆறு முறை வென்றார். வுட் சகோதரர்கள் அணியின் கிளென் வுட் தன் வாழ்நாளில் உச்சப் பிரிவில் பெற்ற நான்கு வெற்றிகளும் இதே தடத்தில்தான். ரிச்சர்ட் பெட்டியின் 100-வது வெற்றி 1969 ஆகஸ்டில் இங்கே கிடைத்தது.

கடைசிப் பந்தயம் 1971 ஆகஸ்ட் 6. பாபி அலிசன் ஒரு போர்டு மஸ்டாங்கில் முதலில் வந்தார். அந்த மஸ்டாங் கிராண்ட் அமெரிக்கன் என்ற சிறு கார்ப் பிரிவைச் சேர்ந்தது. வண்டி எண்ணிக்கை போதாமல் இரண்டு பிரிவையும் கலந்து ஓட்டிய நாட்கள் அவை. உச்சப் பிரிவுக் கணக்கில் அந்த வெற்றியை யார் பெயரிலும் எழுதாமலே 53 ஆண்டுகள் விட்டுவைத்தார்கள். 2024 அக்டோபரில்தான் நாஸ்கார் அதை அலிசன் பெயரில் சேர்த்தது. அவருடைய 85-வது வெற்றியாக அது பதிவானது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார்.

1971-க்குப் பிறகு உச்சப் பிரிவு ஏன் வரவில்லை என்பதற்குக் காரணம் அதே ஊரில்தான் இருக்கிறது. 1971 ஜனவரியிலிருந்து அமெரிக்கத் தொலைக்காட்சியில் சிகரெட் விளம்பரம் தடை. விளம்பரப் பணத்தை வைத்துக்கொண்டு ரெனால்ட்ஸ் நிறுவனம் வேறு வழி தேடியது. தன் அணிக்கு ஆதரவு கேட்டுப் போன ஜூனியர் ஜான்சன், ஒரு காருக்கு மட்டும் எதற்கு, தொடர் முழுவதற்குமே கொடுக்கலாமே என்று அவர்களை நாஸ்கார் பக்கம் திருப்பிவிட்டார். வின்ஸ்டன் கோப்பை பிறந்தது. பெரிய பணம் வந்ததும் 1972-இல் அட்டவணையை 48 பந்தயத்திலிருந்து 31 ஆக வெட்டினார்கள். 250 மைலுக்குக் குறைந்தவை எல்லாம் வெளியே போயின. போமன் கிரேயில் 250 சுற்று ஓடினாலும் 62.5 மைல்தான் ஆகும். ஆக, அரங்கத்துக்குப் பெயர் தந்தவரின் நிறுவனம், அரங்கத்திலிருந்து சில கிலோமீட்டரில் உட்கார்ந்துகொண்டே, அந்த அரங்கத்தை உச்சப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது.

பார்வைக்கு நஷ்டம்போல் தெரியும் இதுதான் போமன் கிரேயைக் காப்பாற்றியது என்பது என் கருத்து. உச்சப் பந்தயத்தை நம்பிக் கட்டிய எத்தனையோ தடங்கள் அது போனதும் புல் முளைத்துக் கிடக்கின்றன. பக்கத்திலேயே இருக்கும் நார்த் வில்க்ஸ்போரோ 1996-க்குப் பிறகு நெடுங்காலம் பாழாய்க் கிடந்து, 2023-இல்தான் மறுபடி உச்சப் பிரிவைக் கண்டது. போமன் கிரேக்கோ வருடத்தில் இரண்டு நாள் வரும் பிரபலங்கள் எப்போதும் உபரிதான். சோறு போட்டது வாராவாரம் ஓடும் உள்ளூர்க்காரர்கள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைதான் பருவம். அதற்குப் பிறகு கால்பந்து தொடங்கிவிடும், வின்ஸ்டன்-சேலம் மாநிலப் பல்கலைக்கழக அணிக்கு மைதானத்தை விட்டாக வேண்டும். இந்தக் கட்டாய இடைவெளியும் ஒரு வரம். நான்கைந்து மாதம் மட்டும் ஓடுவதால் ஓட்டுநரின் பணமும் தீர்வதில்லை, ரசிகருக்கும் அலுப்பதில்லை. ஒரு சாதாரணச் சனிக்கிழமையில் 10,000 பேருக்கு மேல் கூடுவது இங்கே வழக்கம்.

நடத்தியது ஹாக்கின்ஸ் குடும்பம். ஆல்வினுக்குப் பிறகு மனைவி, மகன்கள், பேரப்பிள்ளைகள் என்று கைமாறி, 2024-இல் அந்தப் பொறுப்பு நேரடியாக நாஸ்காரிடம் போனது. ஓட்டுநர் தரப்பிலும் பரம்பரைதான். பாபி மையர்ஸ் 1957-இல் டார்லிங்டன் பந்தயத்தில் இறந்தார். அண்ணன் தம்பிகளில் மற்றவரான பில்லி 1958-இல் போமன் கிரேயிலேயே ஓட்டிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் இறந்தார். அந்த இருவர் நினைவாகத்தான் மையர்ஸ் சகோதரர்கள் பந்தயம். பில்லியின் பேரன்கள் பர்ட்டும் ஜேசனும் மாடிபைடு பிரிவில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு எதிராக டிம் பிரவுன், பத்துக்கும் மேற்பட்ட முறை தடச் சாம்பியன். இவர்கள் ஒருவரையொருவர் சுவரில் ஏற்றுவதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வரும். 2010-இல் வந்த தொலைக்காட்சித் தொடர் ‘மேட்ஹவுஸ்’ என்ற இந்தத் தடத்தின் பட்டப்பெயரையே தலைப்பாக வைத்துக்கொண்டது. 2025 பிப்ரவரியில் கிளாஷ் என்ற சிறப்புப் பந்தயத்துக்காக உச்சப் பிரிவுக் கார்கள் 1971-க்குப் பின் முதல்முறையாக வந்தன. சேஸ் எலியட் வென்றார்.

சண்டை ஏன் இங்கே இவ்வளவு என்று கேட்டால், ஓட்டுநர்களின் குணத்தைவிடத் தடத்தின் அளவைத்தான் காட்டுவேன். சுற்றளவு கால் மைல், அதாவது 402 மீட்டர். சாய்வே இல்லாத சமதளம். உள்வரிசையில் போகிறவரைவிட 3 மீட்டர் வெளியே ஓட்டினால் ஒரு சுற்றுக்கு 2 × 3.14 × 3, கிட்டத்தட்ட 19 மீட்டர் கூடுதல் தூரம். 14 விநாடியில் ஒரு சுற்று என்று வைத்தால் சராசரி வேகம் மணிக்கு 103 கிலோமீட்டர். அந்த 19 மீட்டருக்கு 0.66 விநாடி போகும். சாய்வான தடத்தில் வெளிவரிசைக்குச் சாய்வின் பிடிப்பு ஈடு கொடுக்கும், இங்கே அதுவும் கிடையாது. எனவே முன்னால் போகிறவர் உள்வரிசையை விடமாட்டார், பின்னால் வருபவர் இடித்து விலக்கித்தான் போக வேண்டும்.

இடிப்பதிலும் முறை இருக்கிறது. முன்னவர் பிரேக் போட்டு வளைவுக்குள் நுழையும் கணத்தில் அவருடைய பின் டயர்களில் எடை குறைந்திருக்கும். அப்போது பின் பம்பரின் நடுவில் லேசாகத் தொட்டால் போதும், பின்பக்கம் ஒரு கார் அகலம் வெளியே நழுவும், அந்தச் சந்தில் நுழைந்துவிடலாம். வளைவின் நடுவில் தொட்டால் அவர் சுழன்றுவிடுவார். நடுப்பம்பரை விட்டு வலது பின் மூலையில் தொட்டால் நேரே சுவருக்குப் போவார். அப்படிச் சுழற்றியவரை வரிசையின் கடைசிக்கு அனுப்புவது நடுவர் வழக்கம். இடிப்பவருக்கும் ஆபத்து உண்டு. மூக்கு உள்ளே அமுங்கினால் ரேடியேட்டருக்குக் காற்று அடைபடும், விசிறி உரசும், பத்துச் சுற்றில் தண்ணீர் கொதிக்கும். அனுபவசாலிகள் ரேடியேட்டரைப் பம்பரிலிருந்து ஓரடியாவது பின்தள்ளி, முன்னால் ஒரு குறுக்குக் குழாயும் கம்பி வலையும் வைப்பது இதற்காகத்தான்.

பிரிட்டனில் இதே சிக்கலை வேறு விதமாகச் சமாளித்தார்கள். அங்கே 1954 ஏப்ரலில், புனித வெள்ளியன்று லண்டனின் நியூ கிராஸ் அரங்கில் ஸ்டாக் கார் தொடங்கியது. கூரை நிறத்தை வைத்து ஓட்டுநரைத் தரம் பிரித்து, புதியவர்களான வெள்ளைக் கூரையை முன்னும், கெட்டிக்காரர்களான சிவப்புக் கூரையை வரிசையின் பின்னும் நிறுத்துவார்கள். முந்துவதுதான் அங்கே ஆட்டமே.

போமன் கிரேயில் நான்கு பிரிவுகள்: மாடிபைடு, ஸ்போர்ட்ஸ்மேன், ஸ்ட்ரீட் ஸ்டாக், ஸ்டேடியம் ஸ்டாக். கடைசியது நான்கு சிலிண்டர் சிறு கார், புதிதாக வருகிறவர் கை பழகும் இடம். மாடிபைடு முழுக்கப் பட்டறையில் குழாய் வளைத்துக் கட்டியது, முன் சக்கரங்கள் திறந்தே இருக்கும். வண்டி தயாரிப்பைப் புரிந்துகொள்ள நடுப்பட்ட ஸ்ட்ரீட் ஸ்டாக் வகைதான் தோதானது. கீழே சொல்வது அமெரிக்கக் குறுந்தடங்களில் பொதுவாக நடப்பது. துல்லியமான அளவுகளை அந்தந்தத் தடத்தின் அந்த ஆண்டு விதிப்புத்தகத்தில்தான் பார்க்க வேண்டும்.

அடித்தளமாகப் பலர் எடுப்பது 1978 முதல் 1988 வரை ஜெனரல் மோட்டார்ஸ் செய்த ‘மெட்ரிக்’ சேசிஸ் (காரின் அடிச்சட்டம்). மான்டி கார்லோ, மாலிபு போன்ற கார்கள், முன், பின் அச்சுகளுக்கு இடையே 108 அங்குலம், பின்னால் காயில் ஸ்பிரிங்கும் நான்கு இணைப்புத் தண்டும். இருக்கை, கண்ணாடி, வயரிங், தரைவிரிப்பு எல்லாவற்றையும் உரித்தெடுத்துவிட்டு முதலில் செய்ய வேண்டியது பாதுகாப்புக் கூண்டு. 1¾ அங்குல வெளிவிட்டம், 0.095 அங்குலத் தடிமன், அதாவது சுமார் 2.4 மில்லிமீட்டர் உள்ள எஃகுக் குழாய். ஓட்டுநர் பக்கக் கதவில் வெளிப்புறம் வளைந்த நான்கு குழாய்கள். தடிமனை ஏமாற்றுவார்கள் என்பதால் பரிசோதகர் சிறு துளையிட்டு அளப்பதுண்டு. வெல்டிங்கில் அடிக்கடி காணும் தவறு, கூண்டின் காலை நேரே சேசிஸில் ஒட்டுவதற்குப் பதிலாகத் தரைத் தகட்டில் ஒட்டுவது. மோதலில் கால் தகட்டைக் குத்திக்கொண்டு இறங்கிவிடும், கூண்டு இருந்தும் பயனில்லை.

ஆலையிலிருந்து வந்த பின் அச்சு இந்த வேலைக்கு ஆகாது. 7.5 அங்குல கியர், அச்சுத் தண்டை உள்ளே பிடித்திருப்பது ஒரு சிறு சி-கிளிப். தண்டு முறிந்தால் சக்கரம் தண்டோடு சேர்ந்து வெளியே ஓடிவிடும். விதி அனுமதித்தால் போர்டின் 9 அங்குல அச்சு போடுவது இதனால்தான். டிபரன்ஷியலைப் பூட்டி இரு பின் சக்கரமும் ஒன்றாகச் சுழலும்படி ஆக்க வேண்டும். காசிருந்தால் ஸ்பூல் என்ற ஒரே துண்டு, இல்லையென்றால் உள்ளே இருக்கும் ஸ்பைடர் கியர்களை வெல்டிங் செய்துவிடுவார்கள். வெல்டிங் செய்தது ஒருநாள் உடையும், உடையும்போது கிரவுன், பினியன் எல்லாவற்றையும் சேர்த்துக் கெடுக்கும்.

இடப்பக்கம் மட்டுமே திரும்பும் வண்டியில் திரவங்கள் எல்லாம் வலப்பக்கம் ஒதுங்கும். ஆயில் சம்ப்பில் தடுப்புக் கதவும் வலப்பக்கப் பையும் வைக்காவிட்டால் வளைவின் நடுவில் பம்ப் காற்றை உறிஞ்சும், பேரிங் பிடிக்கும். பெட்ரோல் தொட்டியில் உறிஞ்சு குழாய் வலது பின் மூலையில் இருக்க வேண்டும். கார்புரேட்டருக்கும் இதே கதை. பெரும்பாலும் நிமிடத்துக்கு 500 கன அடி காற்று விடும் இரண்டு துளை ஹோலி நிறுவனக் கார்புரேட்டர். வளைவில் எஞ்சின் இருமினால் பலரும் பற்றவைப்பைச் சந்தேகித்துப் பிளக்கை மாற்றிக்கொண்டிருப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி மிதவைக் கிண்ணத்தில் பெட்ரோல் ஒருபக்கம் ஏறுவதுதான்.

கியர் விகிதம் கணக்கில் வரும். டயர் சுற்றளவு 2.13 மீட்டர், நேர்பகுதி முடிவில் மணிக்கு 125 கிலோமீட்டர் என்றால் சக்கரம் நிமிடத்துக்கு 978 சுற்று. பின் அச்சு விகிதம் 6.2 என்றால் எஞ்சின் 6,060-இல் நிற்கும். விகிதத்தைக் கூட்டினால் வளைவிலிருந்து துள்ளி வரும், ஆனால் பின் டயர் சறுக்கிச் சூடேறி 15 சுற்றில் செத்துவிடும். சமதளக் குறுந்தடத்தில் கொஞ்சம் மந்தமான கியர்தான் நீண்ட பந்தயத்துக்கு நல்லது என்பது என் பக்கம்.

இனி ஸ்டாகர், அதாவது வலது, இடது பின் டயர்களின் சுற்றளவு வித்தியாசம். பூட்டிய அச்சில் இரு சக்கரமும் ஒரே எண்ணிக்கைதான் சுழலும். ஆனால் வளைவில் வலது சக்கரத்துக்குத் தூரம் அதிகம். இடது சக்கரம் 30 மீட்டர் ஆரத்தில் போகிறது, சக்கர இடைவெளி 1.6 மீட்டர் என்றால் வித்தியாசம் 5.3 சதவீதம். 2,110 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள இடது டயருக்கு வலது டயர் 112 மில்லிமீட்டர், அதாவது நாலரை அங்குலம் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவு வைத்தால் நேர்பகுதியில் வண்டி இடப்பக்கமே இழுத்து வேகம் தின்னும். நடைமுறையில் 2 முதல் 3 அங்குலத்தில் நிறுத்துவார்கள். பயஸ் பிளை டயர்கள் நீளக்கூடியவை. சிறியதை அதிகக் காற்றில் ஒரு இரவு வைத்தால் சற்றே பெருக்கும். டேப்பை டயரின் நடுக்கோட்டில் சுற்றி, நான்கையும் ஒரே மாதிரிக் காற்றழுத்த நிலையில் அளக்க வேண்டும். ஓடிய பின் மறுபடி அளந்தால்தான் உண்மை தெரியும். வலது டயர் அதிகம் சூடாகி அதிகம் ஊதும், ஸ்டாகர் தானாகக் கூடும். தொடக்கத்தில் நன்றாக இருந்த வண்டி பாதிப் பந்தயத்தில் வாலை வீசத் தொடங்குவதற்கு இது முக்கியக் காரணம். ஈரப்பதமில்லாத நைட்ரஜன் நிரப்பினால் இந்த ஊதல் கட்டுக்குள் இருக்கும்.

எடைப் பங்கீடுதான் இந்தக் கலையின் இதயம். சமமான தரையில் நான்கு தராசு, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒன்று. டயர்க் காற்று பந்தய அளவில், பெட்ரோல் வேண்டிய அளவில், ஓட்டுநர் அல்லது அவர் எடைக்கு மூட்டை இருக்கையில், ஸ்டியரிங் நேராக, ஆன்டி-ரோல் பார் ஒரு பக்கம் கழற்றிய நிலையில். வண்டியை முன்னும் பின்னும் தள்ளி, நான்கு மூலையையும் அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகே எண்ணைப் படிக்க வேண்டும். ஆட்டாமல் படித்தால் ஷாக்கும் புஷ்ஷும் பிடித்துவைத்த பொய் எண் வரும். ஒரு 1,400 கிலோ வண்டிக்கு இப்படி வந்ததாக வைப்போம்: முன் இடது 380, முன் வலது 340, பின் இடது 404, பின் வலது 276. இடப்பக்க எடை 784, அதாவது 56 சதவீதம். முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 744, 53 சதவீதம். இந்த இரண்டாவது எண்தான் குறுக்கெடை.

ஸ்பிரிங்கை அமுக்கும் ஜாக் போல்ட்டைப் பின் இடதில் ஒரு சுற்று இறுக்கினால் அந்த மூலையிலும் எதிர்மூலையான முன் வலதிலும் எடை கூடும், மற்ற இரண்டிலும் குறையும். இடப்பக்க மொத்தம் மாறாது. குறுக்கெடை கூடினால் வண்டி மூக்கை வெளியே தள்ளும், குறைத்தால் வால் வீசும். ஸ்டாகர் இதற்கு நேர்மாறு, கூட்டினால் வால் வீசும். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள். ஒரு மாற்றம், ஐந்து சுற்று, டயர் வெப்பத்தை மூன்று இடத்தில் அளத்தல், பிறகு அடுத்தது. முன் வலதுக்கு 3 முதல் 4 டிகிரி உள்சாய்ந்த காம்பர் (சக்கரத்தின் மேல்முனைச் சாய்வு), முன் இடதுக்கு 2 டிகிரி வெளிச்சாய்ந்தது, டோ-அவுட் (முன் சக்கரங்களின் முன்விளிம்புகள் வெளிப்பக்கம் விலகியிருப்பது) 3 மில்லிமீட்டர் என்று தொடங்கலாம். முன் வலது டயரின் வெளி விளிம்பு மட்டும் சூடாக இருந்தால் காம்பர் போதவில்லை.

ஒரு சுற்றுக்கு இரண்டு முறை கடுமையான பிரேக், 100 சுற்றில் 200 முறை. பிரேக் மிதி மெத்தென்று இறங்கினால் திரவம் கொதித்துவிட்டது என்று பொருள். முன் டிஸ்க்குக் காற்றுக் குழாய் விடுவது, ஒவ்வொரு சில வாரத்துக்கும் திரவத்தைப் புதிதாக மாற்றுவது, இவ்வளவுதான் வைத்தியம்.

இவ்வளவு சொன்ன பிறகு செலவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊர்ப் பந்தயங்களை மூடவைத்தது விபத்தைவிடச் செலவுதான். ஒருவர் விலையுயர்ந்த எஞ்சின் கொண்டுவந்து ஐந்து வாரம் தொடர்ந்து வென்றால் ஆறாவது வாரம் எட்டுப் பேர் வரமாட்டார்கள். இதைத் தடுக்கத் தடங்கள் காலப்போக்கில் மூன்று கருவிகளைக் கண்டுபிடித்தன. முதலாவது உரிமைகோரல் விதி: வென்றவரின் எஞ்சினை விதியில் சொன்ன தொகைக்குப் போட்டியாளர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். அந்தத் தொகையைவிடப் பல மடங்கு செலவழித்து எஞ்சின் செய்ய யாரும் துணியமாட்டார்கள். ஆனால் பகை வளரும், பழிவாங்கவே சிலர் கேட்பார்கள். இரண்டாவது முத்திரையிட்ட எஞ்சின். ஜெனரல் மோட்டார்ஸின் 602 என்ற 5.7 லிட்டர், 350 குதிரைத்திறன் எஞ்சின் பல தடங்களில் இப்படித்தான் பரவியது. போல்ட் முத்திரை உடைந்திருந்தால் கேள்வியே இல்லை, வெளியே. மூன்றாவது டயர்க் கட்டுப்பாடு: ஒரே நிறுவனம், ஒரே ரகம், ஒரு இரவுக்கு இத்தனைதான் என்று முத்திரை குத்திக் கொடுப்பது. மூன்றிலும் அதிகம் பலன் தந்தது கடைசியதுதான். எஞ்சின் ஒரு பருவம் ஓடும், டயர் வாராவாரம் பணம் கேட்கும்.

நாஸ்கார் 1982-இல் இந்த ஊர்த் தடங்களையெல்லாம் ஒரே தேசியப் புள்ளிப் பட்டியலின் கீழ் கொண்டுவந்தது. அதற்கும் ஆதரவு அதே வின்ஸ்டன் சிகரெட்தான். பாதுகாப்பில் பெரிய மாற்றம் 2001-இல் புகழ்பெற்ற ஓட்டுநர் டேல் எர்ன்ஹார்ட் டேட்டோனா பந்தயத்தில் இறந்த பிறகு வந்தது. அந்த ஆண்டே உச்சப் பிரிவில் கட்டாயமான தலை-கழுத்துத் தாங்கி மெதுவாக ஊர்த் தடங்களுக்கும் இறங்கியது. ஓட்டுநரின் இருக்கைப் பெல்ட்டின் தேதியைப் பார்க்காமல் விடுவது இன்றும் பரிசோதனையில் அதிகம் பிடிபடும் தவறு. பந்தயப் பாதுகாப்புக் கருவிகளுக்கான எஸ்எப்ஐ சான்று உள்ள பெல்ட் இரண்டு ஆண்டில் காலாவதி, பார்க்கப் புதிதுபோல இருந்தாலும் ஏற்கமாட்டார்கள்.

பந்தயம் முடிந்ததும் முதல் மூன்று வண்டிகள் நேரே பரிசோதனைக் கொட்டகைக்குப் போக வேண்டும், இடையில் யாரும் தொடக் கூடாது. முதலில் தராசு. குழாய்க்குள் ஈயக் குண்டுகளை நிரப்பி, ஓடும்போது கொட்டிவிடும் தந்திரம் இருந்ததால், பந்தயத்துக்கு முன்பும் பின்பும் எடை பார்க்கிறார்கள். பிறகு கார்புரேட்டர் துளையில் அளவுக்கம்பி. நுழைந்தால் துளை கடைந்து பெரிதாக்கப்பட்டது. பிளக் துளையில் விஸ்லர் என்ற கருவியை வைத்துக் காற்றூதி, எழும் ஒலியின் சுருதியைக் கொண்டு எஞ்சினைத் திறக்காமலே அமுக்க விகிதத்தைக் கணக்கிடுவார்கள். டயரை ரசாயனத்தில் ஊறவைத்து மென்மையாக்கினார்களா என்று ரப்பரின் கடினத்தை அளக்கும் டுரோமீட்டரில் குத்திப் பார்ப்பார்கள். அதையும் மீறிச் சந்தேகம் வந்தால் தோற்றவர் எதிர்ப்புக் கட்டணம் கட்டி எஞ்சினைக் கழற்றச் சொல்லலாம். விதிமீறல் இருந்தால் வென்றவர் வெளியே, கட்டணம் திரும்பும். எல்லாம் சரியாக இருந்தால் அந்தப் பணத்தின் பெரும்பங்கு வென்றவருக்கு, பிரித்துப்போட்ட எஞ்சினை மறுபடி பூட்ட கேஸ்கட் செலவுக்கு.